மின் வண்டியில் குளிர்பெட்டி: லைன் வியாபாரிகள் போட வேண்டிய கணக்கு

வெயில் காலம் வந்தால் மளிகைக்காரருக்கு இரண்டு கவலை. ஒன்று, மின்சாரம் போனால் கடை பிரிட்ஜில் இருக்கும் சரக்கு என்ன ஆகும் என்பது. மற்றொன்று, மொத்தக் கடையிலிருந்து புறப்பட்ட சரக்கு தம் கடைக்கு வந்து சேரும்போது எந்த நிலையில் இருக்கும் என்பது. முதல் கவலைக்கு இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் என்று வழி கண்டுவிட்டோம். இரண்டாவது கவலை அப்படியே இருக்கிறது. தயிர் புளித்துவிட்டது, பனீர் பாக்கெட் உப்பிவிட்டது, தோசை மாவு பொங்கிவிட்டது, வெண்ணெய் உருகிவிட்டது என்று கடைக்காரர் திருப்பித் தரும் ரிட்டன் சரக்கின் நஷ்டம் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும். பெரும்பாலும் அது லைனுக்குப் போகும் சிறு வியாபாரியின் தலைதான்.

நமது தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கவலை சற்று அதிகம். மாவட்டத்தின் பரப்பு 4,497 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 15,06,843. இவர்களில் பெரும்பாலோர் ஏழு வட்டங்களிலும் சிதறிக் கிடக்கும் கிராமங்களில் வாழ்பவர்கள். தருமபுரியில் ஏற்றிய பால் பாக்கெட் சுமார் 45 கிலோமீட்டர் தாண்டி ஒகேனக்கல் வரை போக வேண்டும். அரூர்ப் பக்கம் சித்தேரி மலைக்கும், கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வத்தல்மலைக்கும் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் தார்பாய்க்குக் கீழே இருக்கும் சரக்கு படும் பாடு லைன் வியாபாரிகளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் மின்சாரத்தில் ஓடும் சரக்கு வண்டிகள் வந்துவிட்டன. மகிந்திராவின் ட்ரியோ சோர் மூன்று சக்கர வண்டி 2020-ல் அறிமுகமானது. அதன் பேட்டரி 7.37 யூனிட் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும். 2022-ல் வந்த டாடா ஏஸ் மின் வண்டியின் பேட்டரி 21.3 யூனிட். 2004 வரை நம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியின் போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகளே நடக்கின்றன. ஆகவே, "இவ்வளவு பெரிய பேட்டரி வண்டிக்குள்ளேயே இருக்கும்போது அதிலேயே ஒரு சின்ன பிரிட்ஜை ஓட்டினால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயற்கை. ஓட்டலாம். ஆனால் கணக்குப் போட்டு ஓட்ட வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் குறையும்?

எல்லோருக்கும் உள்ள முதல் பயம், பிரிட்ஜ் வைத்தால் வண்டி பாதி வழியில் நின்றுவிடுமோ என்பதுதான். இந்தப் பயம் தேவையில்லை. 12 வோல்ட்டில் ஓடும் 40 லிட்டர் கம்ப்ரசர் பெட்டி, ஓடும் நேரத்தில் 50 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். அது இடைவிடாமல் ஓடாது. குளிர் போதுமானதும் தானாக நின்று, பிறகு மறுபடி ஓடும். நல்ல வெயிலில் பாதி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடுவதாக வைத்துக்கொண்டால், சராசரி 30 வாட். எட்டு மணி நேர லைனுக்கு 240 வாட்-மணி, அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு.

மூன்று சக்கர மின் வண்டி சரக்கோடு ஒரு யூனிட்டுக்கு 11 அல்லது 12 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் யூனிட்டுக்கு நாம் இழப்பது சுமார் மூன்று கிலோமீட்டர் ஓட்டம். இதுவே முழுக் கணக்கும். ஆகவே பேட்டரியின் அளவு இங்கே பிரச்சினையே அல்ல. பிரச்சினைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

எந்தப் பெட்டி வாங்குவது?

கடைகளில் மூன்று விதமான பெட்டிகளைக் காட்டுவார்கள். மலிவாகக் கிடைப்பது கம்ப்ரசர் இல்லாத, சிறு விசிறி மட்டும் சுழலும் பெட்டி. பெல்டியர் என்ற மின் தகட்டில் வேலை செய்வது இது. வெளியில் இருக்கும் வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் இதனால் குறைக்க முடியும். சித்திரை வெயிலில் வெளியே 38 டிகிரி என்றால் பெட்டிக்குள் 18 டிகிரிக்குக் கீழே போகாது. தண்ணீர் பாட்டிலுக்கு இது போதும்; பாலுக்கும் தயிருக்கும் பயன்படாது. அதோடு இது நிற்காமல் மின்சாரம் எடுப்பதால் செலவும் கம்ப்ரசர் பெட்டியைவிட அதிகம்.

இரண்டாவது, வீட்டு பிரிட்ஜை இன்வெர்ட்டர் வைத்து வண்டியில் ஓட்டுவது. கம்ப்ரசர் கிளம்பும் ஒரு நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இன்வெர்ட்டரிலேயே ஒரு பகுதி மின்சாரம் வீணாகும். நம் கிராமச் சாலைக் குலுக்கலுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல அது. மூன்றாவதான 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிதான் லைனுக்கு ஏற்றது. அதிலும் மூடி மேல்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். குளிர்ந்த காற்று கனமானது; மேல் மூடியைத் திறந்தால் அது உள்ளேயே தங்கும். பக்கக் கதவைத் திறந்தால் கொட்டிப்போய்விடும்.

குளிர்விப்பது வேறு, குளிரைக் காப்பது வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பெட்டி சரக்கைக் குளிர்விக்கும் கருவி அல்ல. குளிர்ந்த சரக்கைக் காக்கும் கருவி.

30 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் பாலைப் பெட்டியில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், அதிலிருந்து சுமார் 560 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 50 வாட் கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு மணி நேரத்தில் 75 வாட்-மணி அளவுக்குத்தான் வெளியேற்றும். கணக்குப் பாருங்கள்: ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் லைனே முடிந்துவிடும், பாலும் முடிந்துவிடும்.

குளிரைக் காப்பதில் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்குப் பழைய வியாபாரமே சாட்சி. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் சுமார் 180 டன் ஐஸைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. கப்பலில் எந்த இயந்திரமும் இல்லை. வெப்பம் புகாமல் காத்த அடைப்புதான் காரணம். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், அந்த ஐஸை வைப்பதற்காக 1842-ல் கட்டிய கட்டடம்தான்.

ஆகவே நமது வழக்கம் இப்படி இருக்கட்டும். இரவு வண்டி சார்ஜ் ஆகும்போதே, காலிப் பெட்டியைக் கடையின் மின்சாரத்தில் ஓடவிட்டுக் குளிரவைத்துவிட வேண்டும். சரக்கைக் கடை பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பெட்டிக்கு மாற்ற வேண்டும். கூடவே இரண்டு மூன்று கிலோ அளவுக்கு உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை இடைவெளிகளில் செருகலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். அதே வேலையைச் செய்ய அந்தச் சின்னக் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். பாட்டிலுக்கும் தயிர் பாக்கெட்டுக்கும் நடுவே ஓர் அட்டை வைத்தால் தயிர் உறைந்து நீர் பிரிவது தவிரும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

வண்டியில் கம்பெனியே கொடுத்த 12 வோல்ட் சாக்கெட் இருந்தால் அதுதான் நேர்வழி. அந்த சாக்கெட் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு 5 ஆம்பியர் தேவைப்படும். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் சாக்கெட்டிலும் மின்சாரம் நின்றுவிடும். ஒவ்வொரு கடை முன்பும் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கும் லைனில் பெட்டி பாதி நேரம் சும்மா கிடக்கும்.

அதற்கு மாற்று, பெட்டிக்கென்றே தனியாக ஒரு லித்தியம் பேட்டரி. 12.8 வோல்ட், 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் 640 வாட்-மணி இருக்கும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுவைத்தாலும் சராசரி 30 வாட்டுக்குப் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாது. இரவில் கடையிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். வண்டியின் பேட்டரியைத் தொடவே வேண்டாம். இன்னொரு வசதி: கடையில் மின்சாரம் போன நாளில் பெட்டியையும் பேட்டரியையும் உள்ளே தூக்கி வந்து, கெடும் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. நான்கு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்த 48 வோல்ட் வண்டிகளில், அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒரு பேட்டரி தினமும் மற்ற மூன்றைவிட அதிகம் இறங்கும். சார்ஜ் செய்யும்போது மற்ற மூன்றும் அளவுக்கு மீறி ஏறும். சில மாதங்களில் நான்கும் கெடும். லித்தியம் பேட்டரிப் பெட்டியைத் திறந்து வயர் எடுப்பது இதைவிட ஆபத்து. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றை மீறினால் தீப்பிடிக்க இடமுண்டு, வாரண்டியும் போய்விடும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கழற்றி எடுக்கும்படியான பெட்டியும் தனிப் பேட்டரியும் என்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பொருத்தும் முறை

வயர் மெலிதாக இருந்தால் வழியிலேயே வோல்ட் குறையும். பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணிப் பெட்டி தானே நின்றுவிடும். மூன்று மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். வயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் வண்டியைக் காப்பது அதுதான். பெட்டியின் காற்றோட்டத் துளைகளைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அங்கே சாக்கு மூட்டையை அடுக்கினால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். மேலே வெள்ளைத் தார்பாய் நிழல் அவசியம். தொப்பூர் இறக்கத்திலும் மலை வளைவிலும் நகராதபடி பெல்ட் போட்டு இரு பக்கமும் கட்டிவிடுங்கள்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

பால், தயிர், மோர், வெண்ணெய், பனீர், பாக்கெட் மாவு ஆகியவை இந்தப் பெட்டிக்கு ஏற்றவை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள், குளிரில் வைக்க வேண்டிய உணவை 5 டிகிரி அல்லது அதற்குக் கீழும், உறைந்த உணவை மைனஸ் 18 டிகிரியிலும் வைக்கச் சொல்கின்றன. ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 வேண்டும் என்பதால், அடிக்கடி திறக்கும் சின்னப் பெட்டியை நம்பி அதை வெயிலில் எடுத்துப் போக வேண்டாம். மீனும் கறியும் எடுப்பவர்கள் அதற்குத் தனிப் பெட்டி வைக்க வேண்டும்; பாலோடு சேர்க்கக் கூடாது.

நம் பாலக்கோடு தக்காளியை இதில் வைக்காதீர்கள். பத்து டிகிரிக்குக் கீழே தக்காளியின் ருசியும் உறுதியும் போய்விடும். வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுக்கும். இரண்டுக்கும் காற்றோட்டமும் நிழலும் போதும்.

பெட்டியின் மேலே தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், சரக்குக்கு நடுவே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வையுங்கள். புறப்படும்போதும் கடைசிக் கடையிலும் அளவைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ரிட்டன் சரக்கு பற்றி கம்பெனியோடோ கடைக்காரரோடோ பேச்சு வரும்போது, அந்த நோட்டு உங்கள் பக்கம் பேசும்.

வாங்குவதற்கு முன்

முதலில் இரண்டு வாரம் ரிட்டன் சரக்கைத் தேதி வாரியாக எழுதிப் பாருங்கள். உதாரணமாக, குளிர்ச்சி போனதால் மட்டும் நாளொன்றுக்கு 150 ரூபாய் நஷ்டம் என்றால், 26 நாள் லைனுக்கு மாதம் 3,900 ரூபாய். பெட்டிக்கும் பேட்டரிக்கும் ஆகும் தொகையை இதனால் வகுத்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும். மின்சாரச் செலவு, இரவில் குளிரவைப்பதையும் சேர்த்து, நாளுக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. மாதம் 13 யூனிட்.

நஷ்டம் பங்குனி, சித்திரை, வைகாசியில் மட்டும்தான், அதுவும் அரை நாள் லைன்தான் என்றால், கனமான தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் போதும். சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய டான்90 நிறுவனம், ஓடும்போது மின்சாரமே தேவைப்படாத, குளிர்த்தகடு வைத்த பெட்டிகளைச் செய்கிறது; அதையும் விசாரிக்கலாம். முழு நாள் லைன், வருடம் முழுவதும் பால் பொருள் என்றால்தான் கம்ப்ரசர் பெட்டி கட்டுப்படியாகும்.

ஒரே ஊரில் இருக்கும் மூன்று நான்கு வியாபாரிகள் சேர்ந்து ஒரு பெட்டியை வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் தங்கள் லைனில் ஓட்டிப் பார்த்து, தெர்மாமீட்டர் நோட்டை ஒப்பிட்டுக்கொண்ட பிறகு தனித்தனியாக வாங்குவது நல்லது. வண்டி விற்பவர் சொல்வதையும் பெட்டி விற்பவர் சொல்வதையும்விட, நம் சாலையில் நம் வெயிலில் எழுதிய நோட்டுதான் நமக்குச் சரியான வழி காட்டும்.