வீட்டில் ஒரு சைக்கிள்: அது பெண்களுக்கும் உரியது

நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ இருந்தபோது பள்ளிக்கூடமும் கடையும் உங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்திருக்கலாம். சொந்தக் காணிக்குத் திரும்பியபின் அந்தத் தூரங்கள் மாறிவிடுகின்றன. மயிலிட்டி, பலாலி, கட்டுவன் போன்ற இடங்களுக்குத் திரும்பியவர்கள் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் பல கிலோமீற்றர் போகவேண்டியுள்ளது. பஸ் எல்லா ஒழுங்கைகளுக்கும் வராது. முதல் வருடங்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கைகொடுப்பது சைக்கிள்தான்.

ஆனால் வீட்டில் ஒரேயொரு சைக்கிள் இருந்தால் அது யாரிடம் இருக்கும்? காலையில் அப்பாவோ அண்ணனோ வேலைக்குக் கொண்டுபோனால், பொழுதுபடும்போதுதான் அது வீடு திரும்பும். இடையில் வரும் கிளினிக், சந்தை, சங்கக் கூட்டம், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பெண்கள் நடக்கிறார்கள், அல்லது போகாமல் விடுகிறார்கள். கிளினிக் தவறுவதும், மகள் மேல் வகுப்புக்குப் போகாமல் நிற்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆகவே சைக்கிளை யார் பாவிப்பது என்பதை வீட்டில் எல்லோரும் இருந்து பேசி முடிவெடுங்கள்.

இது எங்களுக்குப் புதிய பழக்கம் அல்ல

1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தை ஓடவைத்தது சைக்கிள். ஆசிரியைகள் சேலையுடன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்கள். மாணவிகள் கூட்டமாக ரியூசனுக்குப் போனார்கள். நோயாளியைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்தைவிட்டுத் தென்மராட்சிக்குப் போன சனத்தின் மூட்டை முடிச்சுகளும் சைக்கிளில்தான் போயின. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது ஒதுக்கி வைத்த சைக்கிள்களை மீண்டும் வெளியே எடுத்தோம்.

எனவே, “பொம்பிளைப் பிள்ளை தனிய சைக்கிளில போறதோ?” என்று யாராவது கேட்டால், அவர்களுடைய அம்மாவோ பெரியம்மாவோ அந்தக் காலத்தில் எப்படிப் போய்வந்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பல வீடுகளில் அம்மாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். எல்லாம் கிட்ட இருந்த முகாமில் வளர்ந்த மகளுக்குத் தெரியாது. அம்மாவே பழக்கலாம்.

புதுக்கோட்டையில் நடந்தது

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கப் பழகுவதோடு பெண்கள் சைக்கிளும் பழகவேண்டும் என்று அதைத் திட்டத்தில் சேர்த்தார். கூலி வேலை செய்பவர்கள், கல்லுடைப்பவர்கள், கிராமத் தாதிமார் என ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். ஆரம்பத்தில் கேலியும் கதையும் இருந்தன. ஆனால் ஒரே நேரத்தில் ஊரே பழகியபோது தனியொருத்தியைப் பார்த்துக் கதைக்க முடியாமல் போனது.

அவர்களுக்குக் கிடைத்தது நேரம். பஸ்ஸுக்குக் காத்திருந்த மணித்தியாலங்கள் மிஞ்சின. விளைபொருளைக் கூடுதலான இடங்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கணவனோ மகனோ வந்து ஏற்றிப்போகும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போனது.

இந்தியாவின் பீகார் மாநிலம் 2006இல் 9ஆம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. பின்னர் செய்த ஆய்வில், பள்ளிக்கூடம் 3 கிலோமீற்றருக்கு மேல் தூரமாக இருந்த கிராமங்களிலேயே மாணவிகளின் சேர்வு மிகவும் கூடியிருந்தது. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

எந்தச் சைக்கிள் வாங்குவது?

பார் இல்லாத லேடீஸ் சைக்கிளில் சேலை, பாவாடையுடன் ஏறி இறங்குவது சுலபம். பார் உள்ள சைக்கிளில் முன்னுக்கு ஒரு பிள்ளையை இருத்தலாம். புதுக்கோட்டைப் பெண்கள் பலர் அதற்காகவே ஆண்கள் சைக்கிளை விரும்பினார்கள். எதுவானாலும் உறுதியான கரியர், செயின் கவர், இரண்டு பிறேக்கும் இருக்கவேண்டும்.

பழைய சைக்கிள் வாங்கும்போது விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சைக்கிளின் சட்ட இலக்கம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். களவுச் சைக்கிள் என்று பிறகு பிரச்சினை வந்தால் அந்தத் துண்டு உதவும். மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு எடுக்க நினைத்தால், மாதத் தவணையையும் எரிபொருளையும் கூட்டி, வருமானம் இல்லாத மாதத்தில் அதை எப்படிக் கட்டுவீர்கள் என்று முதலில் யோசியுங்கள். சைக்கிள் ஓடுவதற்குத் தவணையும் இல்லை, எரிபொருளும் இல்லை.

பெரியவர்களும் பழகலாம்

1. இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீற்றைப் பதியுங்கள்.
2. பெடலில் கால் வைக்காமல், நிலத்தைக் காலால் உந்தி உந்திப் போய்ப் பழகுங்கள். சமநிலை இப்படித்தான் வரும்.
3. பிறேக் பிடித்து நிற்பதை நன்றாகப் பழகிய பிறகே பெடலில் கால் வையுங்கள்.
4. முன் சில்லைப் பார்க்காமல் தூரத்தைப் பாருங்கள்.
5. நன்கு பழகியபின் சீற்றை மெல்ல மெல்ல உயர்த்துங்கள். அப்போது முழங்கால் நோகாது.

குடாநாடு முழுவதும் சமதரை என்பதால் பழகுவதற்கும் ஓடுவதற்கும் நல்ல இடம். பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் நாலைந்து பேராகச் சேர்ந்து பழகுங்கள்.

பராமரிப்பு

கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது. அங்கு இருப்பவர்கள் சைக்கிளைக் கிழமைக்கொரு முறை துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடவேண்டும். ஒழுங்கைகளில் கிளுவை முள்ளும் நெருஞ்சி முள்ளும் ரயரில் ஏறும். ஒரு பம், ஒட்டுப்போடும் சாமான், ரயர் கழற்றும் கம்பி ஆகியவற்றை நாலு வீடுகள் சேர்ந்து வாங்கி வைத்தால் போதும். ஒட்டுப்போடும் வேலையைப் பெண்பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். நடுவழியில் காற்றுப் போனால் அவர்கள் யாரையும் காத்து நிற்கவேண்டியதில்லை.

பாதுகாப்பு

• பாவனையில் உள்ள பாதையால் மட்டும் போங்கள். பற்றைக் காணிகளுக்குள் குறுக்குப் பாதை பிடிக்கவேண்டாம். சிவப்பு அபாயக் குறியைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசுக்கோ அறிவியுங்கள்.

• 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015இலிருந்து மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடுகிறது. புகையிரதக் கடவையில் சைக்கிளிலிருந்து இறங்கி, இரு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடவுங்கள். தண்டவாளத்துக்குப் பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு இதைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

• இடது பக்கமாகப் போங்கள். இருட்டினால் முன்னுக்கு வெளிச்சமும் பின்னுக்குச் சிவப்புத் தெறிப்பானும் வேண்டும்.

• வீதியில் யாராவது மறித்தாலோ, பின்தொடர்ந்தாலோ, கூடாத வார்த்தை சொன்னாலோ பிள்ளையின் சைக்கிளை நிறுத்தாதீர்கள். தவறு அவளுடையது அல்ல. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் முறையிடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

நீங்கள் சேர்ந்து கேட்கக்கூடியவை

தனியாகக் கேட்பதைவிட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கடிதமாகக் கொடுப்பது பலன் தரும். பிரதேச சபையிடம் வீதி விளக்கையும் வீதியோரப் பற்றை வெட்டுவதையும் கேளுங்கள். பள்ளிக்கூட அதிபரிடம் மாணவிகளுக்கும் பாதுகாப்பான சைக்கிள் தரிப்பிடம் கேளுங்கள். உதவித் திட்டங்களில் சைக்கிள் கொடுக்கும்போது பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கும். பாவிக்கப்போவது மனைவியோ மகளோ என்றால் அவருடைய பெயரைப் பதியும்படி சொல்லுங்கள். அதைக் கேட்கும் உரிமை எங்களிடமும் உங்களுக்கு உண்டு. கடிதம் எழுத உதவி தேவையென்றால் உங்கள் கிராமத்துக்கு வரும் எமது கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.