ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா – வரவேற்பும் விமர்சனமும்

ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா என்பது இந்திய, யப்பானியக் கலைஞர்கள் இணைந்து உருவாக்கி 1992 ஆம் ஆண்டில் நிறைவு செய்த அனிமேசன் இயங்குபடம் ஆகும். யுகோ சாகோ, கோயிச்சி சசாகி, ராம் மோகன் ஆகிய மூவரும் இதனை இயக்கினர். இசையமைத்தவர் வன்ராஜ் பாட்டியா. வால்மீகி இராமாயணத்தை மூலமாகக் கொண்ட இப்படம் 135 நிமிடங்கள் ஓடக்கூடியது.

ஒரு படத்தின் வரவேற்பு என்றால் அது வெளியான பின் எழுதப்பட்ட விமர்சனங்களையே பொதுவாகக் குறிக்கும். இப்படத்தைப் பொறுத்தவரை வரவேற்பு, ஒரு சித்திரம்கூட வரையப்படுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. படம் நன்றாக உள்ளதா என்பதைவிட, இக்கதையை இவர்கள் சொல்லலாமா என்னும் கேள்வியே நீண்ட காலம் இதன் மீது நின்றது. இராமகதையின் சேதுபந்தனப் பகுதியைத் தன் ஊர்ப்பெயர்களிலேயே தாங்கி நிற்கும் இராமநாதபுரம், இராமேசுவரம் கரையிலிருந்து நோக்கும்போது அக்கேள்வி மேலும் கவனிக்கத்தக்கதாகிறது.

படத்துக்கு முந்திய எதிர்ப்பு

யுகோ சாகோ 1983 ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படத்திற்காக இந்தியா வந்திருந்தார். தொல்லியலாளர் பி. பி. லால் அலகாபாத்திற்கு அருகே நடத்திய அகழாய்வுகளைப் பற்றியது அந்த ஆவணப்படம். அப்போது வந்த ஒரு நாளிதழ்ச் செய்தி, யப்பானியர் இராமாயணத்தையே திரைப்படமாக எடுப்பதாகப் பொருள்படுமாறு அமைந்துவிட்டது. இராமாயணம் இந்தியாவின் தேசியச் சொத்து, வெளிநாட்டவர் அதைத் தம் விருப்பப்படி படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிசத் தில்லியிலுள்ள யப்பானியத் தூதரகத்துக்கு எழுதியது. சாகோ அவ்வமைப்பினரை நேரில் கண்டு விளக்கமளித்ததால் தவறான புரிதல் நீங்கியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்ப்பு எழுந்தபோது சாகோவிடம் அத்தகைய படம் எடுக்கும் திட்டம் இருக்கவில்லை. அதன் பின்னரே அவர் காவியத்தில் ஆழ்ந்து, யப்பானிய மொழியில் கிடைத்த பத்து இராமாயண நூல்களைப் படித்தார். இராமன் கடவுளாகக் கருதப்படுபவன் ஆகையால் ஒரு நடிகரைக் கொண்டு காட்டுவதைவிடச் சித்திரமாகக் காட்டுவதே பொருத்தம் என்ற முடிவுக்கும் வந்தார்.

இரண்டாவது தடை அரசுத் தரப்பிலிருந்து வந்தது. இந்திய அரசின் ஒத்துழைப்புடன் கூட்டுத் தயாரிப்பாக எடுக்க முயன்றபோது, இராமாயணம் உணர்வுகளைத் தொடும் பொருள், அதனைக் கேலிச்சித்திர வடிவில் காட்ட இயலாது என்ற கருத்து குறுக்கே நின்றது. அக்காலத்தில் அயோத்தி இயக்கமும் வலுப்பெற்று வந்தது. எனவே படம் யப்பானிலேயே தயாரிக்கப்பட்டது. இரு நாடுகளையும் சேர்ந்த சுமார் 450 கலைஞர்கள் இதில் பணியாற்றினர். வேட்டியை எவ்வாறு உடுத்துவது, பெரியோர் காலில் விழுந்து இளையோர் ஆசி பெறுவது எவ்வாறு என்பன போன்றவற்றை இந்தியக் கலைஞர்கள் யப்பானியருக்குச் செய்து காட்டி விளக்கினர். இந்தியப் பக்கத்தை வழிநடத்திய ராம் மோகன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துப் பின் மும்பை பிலிம்சு டிவிசனின் கேலிச்சித்திரப் பிரிவில் சேர்ந்தவர். இந்திய அனிமேசனின் தந்தை என்று அழைக்கப்பட்ட அவருக்கு 2014 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

சித்திரம் என்பதனாலேயே கடவுளின் மதிப்பு குறையும் என்ற வாதம் தமிழ்நாட்டுக் கலை மரபுக்குப் பொருந்துவதன்று. தோற்பாவைக் கூத்துக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்டுத்தோலில் வரைந்த இராமனையும் சீதையையும் விளக்கொளியில் அசைத்து இராமாயணம் நிகழ்த்தி வந்துள்ளனர். அசையும் சித்திரம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேறில்லை. அக்கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையில் புகுந்து பார்வையாளரைச் சிரிக்க வைப்பர். அதனைக் கடவுள் நிந்தையாக ஊரார் கொள்வதில்லை.

இராமநாதபுரம் அரண்மனையிலும் இதற்குச் சான்று உண்டு. சேதுபதி மன்னர்களின் இராமலிங்க விலாசத்தில், 18 ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தைச் சேர்ந்த சுவரோவியங்களில் பாலகாண்டக் காட்சிகள் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. அதே மாளிகையின் சுவர்களில் போர்க்களமும் ஐரோப்பியரும் மன்னரின் அந்தப்புர வாழ்க்கையும் காணப்படுகின்றன. சேதுவைக் காப்பதனைத் தம் பட்டப்பெயராகவே கொண்டிருந்த மன்னர்களுக்கு இராமனைச் சித்திரக் கதையாகக் காட்டுவதில் தயக்கம் இருக்கவில்லை.

1993 திரையிடல்

படம் 1993 சனவரியில் புது தில்லியில் நடைபெற்ற இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. பாபர் மசூதி 1992 டிசம்பர் 6 அன்று இடிக்கப்பட்டு ஒரு மாதமே கடந்திருந்தது. நாட்டின் பல பகுதிகளில் கலவரங்கள் நிகழ்ந்த அந்நாட்களில் இராமன் பெயரைத் தாங்கிய எந்தப் படைப்பும் கலைப்படைப்பாக மட்டும் பார்க்கப்படும் வாய்ப்பு இல்லை. இந்தியத் திரையரங்குகளில் அப்போது பரவலான வெளியீடு அமையவில்லை.

முதலில் உரையாடல்கள் ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டிருந்தன. பின்னர் இந்தி மொழிமாற்றம் வந்தது. தொலைக்காட்சி இராமாயணத்தில் இராமனாக நடித்த அருண் கோவில் இதில் இராமனுக்குக் குரல் கொடுத்தார். இராவணனுக்கு அம்ரீசு பூரி, கதை சொல்லியாகச் சத்ருகன் சின்கா. ஐக்கிய அமெரிக்காவில் தி பிரின்ஸ் ஆஃப் லைட் என்ற பெயரில் சுருக்கப்பட்ட வடிவம் வெளியிடப்பட்டது. அதில் கதை சொல்லியாகச் சேம்சு ஏர்ல் சோன்சும் இராமனாகப் பிரையன் கிரான்சுடனும் குரல் கொடுத்தனர். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாண்டா கிளாரிட்டா திரைப்பட விழாவில் சிறந்த இயங்குபடத்துக்கான விருதைப் பெற்றது.

தொலைக்காட்சியில் பெற்ற பார்வையாளர்

திரையரங்கு தராத பார்வையாளரைத் தொலைக்காட்சி தந்தது. கார்ட்டூன் நெட்வொர்க் அலைவரிசையில் இப்படம் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்பட்டது. 1990களின் இறுதியிலும் 2000களிலும் பள்ளி மாணவராக இருந்த ஒரு தலைமுறைக்கு இதுவே இராமாயணத்தின் முதல் காட்சி வடிவமாக அமைந்தது. அனுமன் இலங்கையில் சீதையைக் காணும் பகுதியின் பாடல், கும்பகருணன் போர்க்களம் புகும் காட்சி ஆகியன அவர்கள் பெரிதும் நினைவு கூர்பவை. இவ்வகையில் இப்படத்துக்குப் பெயர் பெற்றுத் தந்தவர்கள் விழாக் குழுவினரோ இதழ் விமர்சகர்களோ அல்லர். கோடை விடுமுறையில் வீட்டிலிருந்த சிறுவர்களே.

பாராட்டப்பட்டவற்றுள் முதன்மையானவை பின்னணிச் சித்திரங்கள். காடு, மழை, அந்திவானம், இலங்கை நகரின் பொன்மாடங்கள் யாவும் கையால் தீட்டப்பட்டவை. இப்படத்தை கிப்லி நிறுவனத்தின் படைப்புகளுடன் ஒப்பிடும் பழக்கம் இரசிகரிடையே உண்டு. கிப்லிக்கும் இதற்கும் தயாரிப்புத் தொடர்பு இல்லை என்றாலும், இயற்கையைப் பொறுமையாகக் காட்டும் முறையில் ஒப்புமை தெரிகிறது.

குறைகளும் சுட்டப்படுகின்றன. இராமனின் இளமையை விரைந்து கடந்து விசுவாமித்திரர் வருகையிலேயே கதை தொடங்குகிறது. இரண்டே கால் மணி நேரத்தில் ஆறு காண்டங்களை அடக்கியதால் துணைப் பாத்திரங்கள் பலர் வந்த வேகத்தில் மறைகின்றனர். போருக்குப் பின் சீதை தீப்புகும் நிகழ்வும் உத்தரகாண்டமும் இடம்பெறவில்லை. சிறுவருக்கான படம் என்ற வகையில் இது பொருத்தமே என்பர் ஒரு சாரார். சீதையின் கதையில் மிகக் கடினமான பகுதியைத் தவிர்த்தது இராமனைக் கேள்விகளிலிருந்து காப்பாற்றுவதாகும் என்பது மறுசாராரின் கருத்து. பின்னதில் நியாயம் அதிகம் எனத் தோன்றுகிறது.

கம்பராமாயணத்தில் பழகியவர்களுக்கு வேறு சில வேறுபாடுகளும் தெரியும். இராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துச் சென்றதாகக் கம்பர் பாடினார். வால்மீகி வழியில் செல்லும் இப்படத்தில் அது இல்லை. இராவணனின் இசைப்புலமைக்கும் வீரத்துக்கும் தமிழ் வாசகர் தரும் இடமும் இங்கே குறைவு.

சேதுக் காட்சியும் இராமேசுவரக் கரையும்

வானரர் கடலில் அணை கட்டும் பகுதி படத்தின் பெருங்காட்சிகளுள் ஒன்று. வால்மீகியின் கணக்குப்படி சேது நூறு யோசனை நீளமும் பத்து யோசனை அகலமும் உடையது. நளன் தலைமையில் ஐந்து நாட்களில் கட்டி முடிக்கப்பட்டது. திரைப்படமும் அந்தப் பேரளவையே காட்ட முனைகிறது. பாறைகளையும் மரங்களையும் சுமந்து வரும் பெருங்கூட்டத்தை ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வரைந்த உழைப்பு இங்கே தெரிகிறது.

இராமேசுவரத்தை நேரில் அறிந்தவருக்கு இக்காட்சி சற்று அந்நியமாகவே இருக்கும். அங்குள்ள கடல் ஆழமற்றது. தனுசுக்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு மணல் திட்டுகளும் சுண்ணாம்புக்கல் மேடுகளும் தொடராக அமைந்துள்ளன. தீவின் உயரமான இடம் என்று சொல்லப்படும் கந்தமாதன பர்வதம் உண்மையில் ஒரு மணல் மேடே. பெரும்பாறை தேடினால் கிடைப்பது பவளக்கல் தான். கோயில்களில் தொட்டி நீரில் மிதக்கவிட்டுச் சேதுக்கற்கள் என்று யாத்திரிகர்களுக்குக் காட்டப்படும் கற்களும் நுண்துளைகளில் காற்றைத் தேக்கி வைத்திருப்பதனாலேயே மிதக்கின்றன.

இராமேசுவரத் தலபுராணத்தின் மையமான நிகழ்வும் படத்தில் இல்லை. இராவணனைக் கொன்ற பாவம் நீங்க இராமன் சிவனை வழிபட எண்ணியதும், கைலாயம் சென்ற அனுமன் திரும்பத் தாமதமானதால் சீதை மணலைக் கூட்டி இலிங்கம் அமைத்ததும் போருக்குப் பின் நிகழ்வன. படமோ போர் முடிந்து அயோத்தி திரும்புவதோடு நிறைவுறுகிறது. எனவே இலங்கைக்குச் செல்லும் வழியாகச் சேது காட்டப்படுகிறதே ஒழிய, திரும்பி வந்து தங்கிய இடமாக இக்கரை காட்டப்படவில்லை. இதனைப் பிழை என்று கூற இயலாது. மூலநூலைத் தேர்ந்ததன் விளைவு இது. எனினும் இராமாயணம் ஒன்றே, அது எல்லோருக்கும் பொது என்று சொல்லித் தொடுக்கப்பட்ட எதிர்ப்பை நினைக்கும்போது, ஊருக்கு ஊர் இராமகதை வேறுபடுவதும் நினைவுக்கு வரவேண்டும்.

சேது பின்னாளில் வேறு ஒரு வழக்கிலும் சிக்கியது. சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 சூலையில் மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. 2007 இல் உச்ச நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட ஆவணத்தில் இராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்றுச் சான்று இல்லை எனக் கூறப்பட்டது கடும் எதிர்ப்பை எழுப்ப, அரசு அதைத் திரும்பப் பெற்றது.

நிகழ்பட ஆட்டங்களில் இதே கேள்வி

யப்பானிய நிகழ்பட ஆட்டங்கள் இந்தியத் தொன்மங்களைத் தாராளமாகக் கையாள்கின்றன. அட்லசு நிறுவனம் 2004 இல் பிளேசுடேசன் 2 இற்கு வெளியிட்ட டிஜிட்டல் டெவில் சாகா இதற்கு எடுத்துக்காட்டு. அழிவுற்ற ஓர் உலகில் நிகழும் இவ்வறிபுனை ஆட்டத்தில் போர்க்குழுவினர் வருணன், அக்கினி, வாயு, பிருதிவி எனும் உருவங்களாக மாறி எதிரிகளை விழுங்குகின்றனர். வெற்றியாளர் அடையும் இடத்துக்கு நிர்வாணம் என்று பெயர். விமர்சகர்கள் கதையையும் சோசி மெகுரோவின் இசையையும் பாராட்டினர். எதிரிகள் அடிக்கடி எதிர்ப்படுவதையும் கதை இரு ஆட்டங்களாகப் பிரிக்கப்பட்டதையும் குறை கூறினர். பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது அம்மதிப்பீடுகளில் பின்னணிச் செய்தியாகவே நின்றது.

இந்தியாவில் உருவாக்கப்பட்டு 2009 இல் வெளியான அனுமான்: பாய் வாரியர் என்ற பிளேசுடேசன் 2 ஆட்டத்தின் நிலை வேறு. தரம் குறைந்தது என்ற விமர்சனம் ஒருபுறமிருக்க, அமெரிக்காவில் இயங்கிய ஓர் இந்து அமைப்பு அதனைத் திரும்பப் பெறக் கோரியது. வழிபடப்படும் தெய்வத்தை ஆடுபவர் பொத்தான்களால் இயக்குவது தகாது என்பது அதன் வாதம். பெயரை மட்டும் எடுத்தவர்களை விட்டுவிட்டு, கதையைக் கூறியவர்களிடமே கேள்வி எழுப்பப்படுவது சாகோவின் அனுபவத்தை ஒத்தது. இத்தனைக்கும் இவ்வாட்டத்தை ஆக்கியவர்கள் வெளிநாட்டவர் அல்லர்.

2025 மறுவெளியீடு

4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்ட படம் 2024 அக்டோபரில் வெளியாகும் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் தள்ளிவைக்கப்பட்டது. 2025 சனவரி 24 அன்று இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இந்தியத் திரையரங்குகளில் வெளியானது. திரைக்கதை ஆசிரியர் வி. விசயேந்திர பிரசாத் இந்த வெளியீட்டுக்கான தழுவலில் பங்கெடுத்தார்.

விமர்சனங்களில் பழைய நினைவுகளும் சமகால ஒப்பீடுகளும் கலந்திருந்தன. கணினி வரைகலையில் எடுக்கப்பட்ட அண்மைக்கால இராமாயணப் படங்களோடு, குறிப்பாக 2023 இல் வெளியாகிக் கடும் கண்டனத்துக்குள்ளான ஆதிபுருசுடன் ஒப்பிட்டு, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கைச்சித்திரங்களைப் பலர் பாராட்டினர். வெளிநாட்டவர் இராமாயணத்தைத் தொடலாமா என்ற பழைய கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. யுகோ சாகோ 2012 இலும், ராம் மோகன் 2019 இலும், வன்ராஜ் பாட்டியா 2021 இலும் காலமாகியிருந்தனர்.