காற்றாலை மின்னாக்கிக்கு ஏற்ற தட்டு

செஞ்சிப் பகுதியில் காற்றாலை மின்னாக்கியைத் தாமே செய்ய விரும்பும் விவசாயிகள் இறக்கைக்குக் காட்டும் அக்கறையைக் காந்தத் தட்டுக்கும் காட்ட வேண்டும். (இச்சிறு ஆலை கிணற்று மோட்டாரை ஓட்டாது, பாட்டரி ஏற்றிக் களத்துக் கொட்டகையில் விளக்கெரிக்கும்.) நம் மாவட்டத்து ஆரோவில்லில் மின்வாயு பட்டறையினர் செய்துவந்த வகையில், காந்தங்கள் ஒட்டிய இரு வட்டத் தட்டுகள் சுழலும். இடையே செம்புக் கம்பிச் சுருள்கள் அசையாது நிற்கும்.

தட்டு வெறும் தாங்கு பலகை அன்று. ஒரு காந்தத்தின் விசை அடுத்த காந்தத்துக்குச் செல்லும் பாதையே அதுதான். இரும்பில் அவ்விசை எளிதாக ஓடும். எடை குறையுமென்று அலுமினியமோ மரப்பலகையோ போட்டால் மின்சாரமும் குறைந்துவிடும். துருப்பிடிக்காதென்று எவர்சில்வர் வாங்குவதும் வீண் செலவு. அதில் பல ரகங்களைக் காந்தம் இழுப்பதே இல்லை. கடையில் 'எம்.எஸ். பிளேட்' என்று கேளுங்கள். பழைய இரும்புக் கடையானால் கையோடு ஒரு காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கவும். 8 அடி விட்ட ஆலைக்குக் கனம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

மோட்டாரில் உள்ளதுபோல் மெல்லிய தகடுகளாக அடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தட்டும் காந்தமும் சேர்ந்தே சுழல்வதால் தட்டு சூடேறாது.

காந்தங்களை ஒட்டியபின் தட்டின் பின்புறம் சிறு ஆணியை வைத்துப் பாருங்கள். பலமாகப் பிடித்தால் விசை கசிகிறது, கனம் போதவில்லை என்று பொருள்.

துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்கவும். நியோடிமியம் காந்தம் ஈரத்தில் அரித்து உதிரும். அதைச் சுற்றி ரெசின் ஊற்றுவது அவசியம். இரு தட்டுகளையும் வெறுங்கையால் சேர்க்கவே கூடாது, விரல் நசுங்கிவிடும். மூன்று மரைத் தண்டுகளை மாட்டி, நட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகி மேல் தட்டை இறக்க வேண்டும்.