நரை கண்ட தாதியர்

அமெரிக்காவில் பீட்டர் புயர்ஹாஸ் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவரும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, 1983-இல் 37.4 ஆக இருந்த தாதியரின் சராசரி வயது 1998-இல் 41.9 ஆக ஏறிவிட்டதென்றும், இந்தப் போக்கு நீடித்தால் 2020-க்குள் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு ஆள் இராதென்றும் எச்சரித்தது. பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் விட்டால் படித்த பெண்ணுக்கு வேறு உத்தியோகம் அரிது என்றிருந்த காலத்தில் திரளாக வந்து சேர்ந்தவர்கள் மூப்படைய, அவர்களுக்குப் பின் பிறந்தவர்களோ வைத்தியம், சட்டம், வாணிபம் என்று புதிதாகத் திறந்த வாசல்களில் நுழைந்துவிட்டதே காரணம். பெண்குலத்துக்கு வாய்த்த நன்மையை ஆஸ்பத்திரிக்கு வந்த கேடென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அந்த ஜோஸ்யம் முழுவதும் பலிக்கவில்லை. இளையவர்கள் பலர் பின்னால் வந்தார்கள். 2008-இன் பொருளாதார மந்தத்தில், சேமிப்பு கரைந்துவிடுமோ என்றஞ்சிய மூத்தவர்கள் ஓய்வைத் தள்ளிப்போட்டார்கள். 2020-இன் கணக்கெடுப்பில் தாதியரில் பாதிப் பேர் 52 வயதை எட்டியவர்கள். 2022-இலோ அந்த நடுவயது 46-க்கு இறங்கிவிட்டது. இளமை திரும்பிற்றென்று மகிழ்வதற்கில்லை. கொரோனாவின் உக்கிரத்தில் களைத்தும் சலித்தும் ஏறக்குறைய லட்சம் பேர் விலகிப்போனார்கள். ஓய்வு பெற்றவர்களும் அதில் சேர்த்தி.

அநுபவத்தை வெறும் வருஷக்கணக்காக எண்ணுவோர், தாதியரைப் பற்றிப் பெட்ரீஷியா பென்னர் என்பவர் 1984-இல் வெளியிட்ட நூலைப் பார்ப்பது நலம். புதியவள் விதியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், தேர்ந்தவளோ நிலைமையை ஒரே நோக்கில் முழுமையாகக் கிரகிக்கிறாள் என்பது அவர் சித்தாந்தம். அறுவை சிகிச்சை முடிந்து கிடக்கும் நோயாளி, நாடியும் இரத்த அழுத்தமும் கிரமமாகவே இருக்க, காலையில் பேசிய கலகலப்பை விட்டுப் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாகத் தவிப்பதைக் கண்டு, "இவருக்கு ஏதோ சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு" என்று முப்பது வருஷம் வார்டில் நின்றவள் சொல்லும்போது, ஆதாரம் கேட்டால் அவளாலேயே சட்டென்று சொல்ல முடியாது; ஆனாலும் விவேகமுள்ள டாக்டர்கள் அந்தச் சொல்லுக்கு எழுந்து வருவார்கள்.

இத்தகையவர்களுக்கு நேரத்தைக் குறைத்து, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பணியில் வைத்துக்கொள்ளலாமே என்றால், அவர்கள் சம்பளம் அதிகம் என்பதே நிர்வாகிகளின் கண்ணுக்கு முதலில் படுகிறது. ஆனால் அவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்புவது வயதன்று, இடுப்பு வலி. பன்னிரண்டு மணி நேர வேலையும் இராக்கண் விழிப்பும் போதாவென்று, படுத்த நோயாளியைத் தூக்கிப் புரட்டும் பாரம் வேறு. டெக்ஸாஸ் மாகாணம் 2005-லேயே இந்தப் பாரத்தைக் குறைக்கவென்று சட்டம் செய்தது. தூக்கும் கருவிகளும் வந்தன. ஆனால் கருவியை உருட்டிக்கொண்டு வரவும் பொருத்தவும் ஆளும் அவகாசமும் வேண்டும். அவை இல்லாத வார்டில், அறுபது வயதுத் தாதி கையாலேயே தூக்கிவிடுகிறாள்.