நண்பகலில் தூவிய யூரியா

சிலிபினில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலம் வெறும் மணல். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தை அலசி எடுத்துவிட்டுக் கொட்டிப்போன மணல்தான் பல இடங்களில் இன்று மண். ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அப்பா, இப்போது அதில் கங்கோங், வெண்டை, பயிற்றங்காய் போடுகிறார். அக்கம்பக்கத்தில் விற்றுவரும் காசுதான் அவருடைய கைச்செலவுக்கு.

சென்ற மாதம் ஒரு நண்பகலில், காலையில் நீரூற்றி ஈரமாயிருந்த பாத்தியின்மேல் யூரியாவைத் தூவினார். மறுநாள் குனிந்தால் கோழிக்கூண்டு நெடி. பத்து நாளாகியும் இலை மஞ்சள்தான்.

"ஒரு கை கூடத்தான் போட்டேம்மா. கடைக்காரன் கலப்படம் பண்ணிட்டான்" என்றார். 2022இல் உரவிலை ஏறியபோது குருணையை எண்ணாத குறையாகப் போட்டவர். கோபம் இருக்காதா?

கேக் சுடும்போது நான் பயன்படுத்தும் வெப்பமானியை மணலில் இரண்டு விரற்கடை செருகினேன். காலை 7 மணிக்கு 26 பாகை. பிற்பகல் 2 மணிக்கு 41.

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன். மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை உடைத்து அம்மோனியம் ஆக்குகிறது. அப்போது குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி, ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிறது. மண்ணுக்குள் இருந்தால் களியும் மக்கும் அதைப் பிடித்து வைக்கும். மேலே கிடந்தால் காற்றோடு போய்விடும். சூடு இந்த வேலையை விரைவாக்கும். எங்கள் மணலிலோ பிடித்து வைக்கக் களியும் இல்லை. உரத்தைக் கரைத்து உள்ளே இறக்காமல் நனைத்துவிட்டு மட்டும் போகும் தூறல் இன்னும் மோசம்.

தப்பிய அம்மோனியத்தையும் பாக்டீரியாக்கள் நைட்ரேட் ஆக்கிவிடும். அது மழைநீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அமெரிக்கச் சோள விவசாயிகள் இலையுதிர் காலத்தில் மண் 10 பாகைக்குக் கீழே போகும்வரை காத்திருந்து அம்மோனியா இடுவார்கள். குளிரில் அந்தப் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும். நமக்கு அந்தச் சலுகை இல்லை. கேமரன் மலை மண்கூட அவ்வளவு குளிராது.

ஆகவே இப்போது மாலை ஆறு மணிக்கு அப்பா செடியிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு அங்குலக் கோடு கீறி, பழைய அளவில் பாதியைப் போட்டு, மண் மூடி, நீர் ஊற்றுகிறார். மீதிப் பாதி இரண்டு வாரம் கழித்து. ஆட்டெரு கலந்து, மேலே காய்ந்த புல்லையும் பரப்பியிருக்கிறோம். யூரியா அந்தப் புல்லின்மேல் விழக்கூடாது. அதிலும் யூரியேஸ் உண்டு.

வெண்டை கறுத்துப் பச்சையாக நிற்கிறது. கடைக்காரரிடம் அப்பா இன்னும் பேசவில்லை.