64 பேர், ஒரு கூறைப்புடவை

திருமணத்திற்கென்று வைப்புத்தொகை தொடங்க வங்கிக்கு வருபவர்கள் இரண்டு எண்களைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒன்று தொகை, மற்றொன்று காலம். "பெண்ணுக்கு இப்போது 14 வயது, இன்னும் பத்து ஆண்டுகள்" என்பார்கள். மூன்றாவதாக ஓர் எண் உண்டு. பந்தியில் எத்தனை இலை போடப்போகிறோம் என்பதே அது. செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது எண்தான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு வந்தவர் எவரையும் இருபது ஆண்டுப் பணியில் நான் கண்டதில்லை.

சென்ற தை மாதம் மும்பையில் என் தமக்கையின் மகளுக்குத் திருமணம் நடந்தது. அவள் அந்த மூன்றாவது எண்ணிலிருந்துதான் தொடங்கினாள்.

அக்காவின் குடும்பம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செம்பூரில் வசிக்கிறது. அத்தான் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; வயது 62. மாப்பிள்ளை புனேயைச் சேர்ந்த மராத்திக் குடும்பத்துப் பிள்ளை. மகளின் திருமணத்திற்காக அத்தான் சேர்த்துவந்த வைப்பு, முதிர்வில் 9 லட்சம் ரூபாய் வரும். அவருடைய குறிப்பேட்டில் 412 குடும்பங்களின் பெயர்கள் இருந்தன. மண்டபம், இரண்டு வேளைச் சாப்பாடு, மேடை அலங்காரம், காணொளி, உறவினர் துணிமணி என்று அவர் போட்ட மதிப்பீடு 16 லட்சத்தில் நின்றது. குறையும் 7 லட்சத்திற்குத் தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்கத்தான் அவர் என்னிடம் வந்தார்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 15,570 ரூபாய் கட்ட வேண்டும். ஐந்தாண்டின் முடிவில் வட்டி மட்டுமே 2,34,000 ரூபாயைத் தாண்டும். சம்பளம் நின்றுபோன ஒருவருக்கு அது சிறிய சுமையன்று. உடன் வந்திருந்த பெண் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா, அறுபது பேர் போதும்" என்றாள்.

"நான் போய்ச் சாப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் என்னம்மா பதில் சொல்வேன்?" என்று கேட்டார் அத்தான்.

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வணிகவியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பேரேட்டிலும் ஏறாத கொடுக்கல் வாங்கல் இது. முப்பது ஆண்டுகளாக அவர் மற்றவர் வீட்டுத் திருமணங்களுக்குச் சென்று மொய் எழுதி வந்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை, அழைக்காமல் இருப்பது சிக்கனம் ஆகாது. கடனைத் திருப்பாமல் இருப்பது. சிறிய திருமணத்தைப் பரிந்துரைக்கும் பலர் இந்த மனக்கணக்கைப் பார்ப்பதேயில்லை. பணத்தில் மிச்சமாவது வேறொரு பக்கத்தில் செலவாகத்தான் செய்கிறது.

பட்டியலைக் குறைக்க அவள் ஒரு விதி வகுத்தாள். கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் வீட்டுக்கு வந்தவர்கள், அல்லது நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றவர்கள். அவ்வளவுதான். பதவி, உறவுமுறை, பழைய மொய் எதுவும் கணக்கில் வரவில்லை. இரு தரப்பிலும் சேர்த்து 63 பேர் தேறினர். அத்தான் ஒரே ஒரு பெயருக்காக மட்டும் விதியை மீறச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அக்கா மருத்துவமனையில் இருந்த இரவில், கேளாமலேயே முன்பணம் கட்டிய பழைய அலுவலக நண்பர் அவர். இப்போது நாக்பூரில் இருக்கிறார். 64 ஆயிற்று. மாதுங்காவில் சிறிய கூடம் ஒன்று கிடைத்தது. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் மட்டும். மாலை வரவேற்பு கிடையாது.

கூடத்திற்கு முன்பணம் கொடுக்கும்போது வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மண்டபக்காரருக்கும் சமையல் ஒப்பந்தக்காரருக்கும் இது பொருந்தும். "ரொக்கமாகத் தந்தால் குறைத்துக்கொள்கிறேன்" என்பவரிடம், நிகழ்ச்சி ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கணக்கு வழியே செலுத்திய பணத்திற்குத்தான் சாட்சி இருக்கும்.

இனிச் சேலைக்கு வருகிறேன். இந்தத் திருமணத்தில் எனக்கு வியப்பளித்த பகுதி அதுதான்.

முதலில் அவள் புதுச்சேலையே வேண்டாம் என்றாள். தன் தாயின் முகூர்த்தப்பட்டைக் கட்டிக்கொள்வதாகத் திட்டம். அக்கா பெட்டியைத் திறந்து, மல்துணியில் சுற்றிவைத்திருந்த 1989-ஆம் ஆண்டுச் சேலையை விரித்தார். அரக்கு நிறம் மங்கவில்லை. ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் சரிகை இற்றுப் பட்டும் விரிசல் விட்டிருந்தது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக இருந்த பட்டுக்கு நேர்வது இது. சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றி வைத்தாலே பெரும்பாலும் தவிர்க்கலாம். கரையை மட்டும் வெட்டிப் புதிய ரவிக்கையில் வைத்துத் தைக்கலாம் என்று மகள் சொன்னபோது, அதுவரை எல்லாவற்றுக்கும் தலையசைத்து வந்த அக்கா, "கத்தரி படக் கூடாது" என்றார். அன்றைய பேச்சு அத்துடன் முடிந்தது.

பின்னர் பெரிய கடை ஒன்றுக்குச் சென்றோம். 25,000 ரூபாய் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். விற்பனையாளர் புன்னகையோடு 48,000 ரூபாய்ச் சேலையில் தொடங்கினார். இது பழைய உத்தி. உயர்ந்த விலையைக் கண்கள் பழகிவிட்டால், அதன்பின் காட்டும் 38,000 ரூபாய் மலிவாகத் தோன்றும். இதையெல்லாம் அறிந்த பெண்தான் அவள். மேடை அலங்காரம், காணொளி, வரவேற்பு என ஒவ்வொன்றையும் வாதாடி நீக்கியவள். அப்படிப்பட்டவள், தோளில் 62,000 ரூபாய்ச் சேலையோடு ஆளுயரக் கண்ணாடி முன் நின்று, "வாழ்க்கையில் ஒரு தடவைதானே, சித்தி" என்றாள். அத்தான் மண்டபத்திற்காகச் சொன்ன அதே சொற்கள்.

பெரிய திருமணத்தில் பெருமை பல இடங்களில் பங்கிடப்படுகிறது: பந்தலுக்குக் கொஞ்சம், பந்திக்குக் கொஞ்சம், நாதசுரத்திற்குக் கொஞ்சம். மற்றவை சுருங்கச் சுருங்க, அத்தனை ஆசையும் மிச்சமிருக்கும் ஒரே பொருளில் வந்து குவிகிறது. சிறிய திருமணம் நடத்துவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் மண்டபமன்று, துணிக்கடை. அன்று அவள் வாங்கவில்லை. ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவு செய்வதாகச் சொல்லி வெளியே வந்தாள். மறுநாள் காலையில், "அந்தச் சேலையை இன்னொரு முறை எங்கே கட்டுவேன் என்று யோசித்தேன், ஓர் இடமும் தோன்றவில்லை" என்றாள். ஆடை நகைகளுக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் கேட்டதில்லை.

சென்னையில் இருக்கும் பாட்டியை அழைக்கச் சென்றபோது காஞ்சிபுரத்துக்கும் ஒரு நாள் போய்வந்தோம். கைத்தறிப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையம் ஒன்றில் அமர்ந்து, ஒரு பெரியவரிடம் சரிகையைப் பற்றி நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தூய சரிகை என்பது பட்டிழையின் மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. 'ஹாஃப் ஃபைன்' எனப்படுவதில் வெள்ளிமுலாம் பூசிய செம்பு இருக்கும். அதற்கும் கீழே, உலோகப் பளபளப்பேற்றிய செயற்கை இழை. பெட்டிக்குள் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். விலையில் பெரும் வேறுபாடு இங்கேதான் வருகிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலையில், அவற்றைத் தறியிலேயே இணைத்து நெய்ய உடன் ஓர் ஆள் துணை வேண்டும், கூலி கூடும்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் வழங்கப்படும் 'சில்க் மார்க்' முத்திரை, துணி தூய பட்டு என்பதற்கே உறுதி. சரிகையின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கைத்தறியில் நெய்தது என்பதற்கு 'ஹேண்ட்லூம் மார்க்' தனியே உண்டு. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றதாயினும், அந்தப் பெயரைச் சொல்லி விற்கப்படுவன அனைத்தும் அங்கே நெய்தவை என்று கொள்ளலாகாது. எனவே சரிகை எவ்வகை என்பதை ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்கத் தயங்குங்கள்.

அவள் தேர்ந்தெடுத்தது கத்திரிப்பூ நிறம், மாம்பழ நிறக் கரை. உடலில் புட்டா கிடையாது, கரை ஒல்லி, சரிகை தூயது. விலை 31,500 ரூபாய். வரம்பைத் தாண்டித்தான் இருந்தது. ஆனால் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து அவளே செலுத்தினாள். ரவிக்கைக்கு ஆரி வேலைப்பாடு செய்ய 9,000 ரூபாய் கேட்டார்கள். சில ஆண்டுகளில் அளவு மாறினால் பிரித்துத் தைக்கவும் முடியாத ரவிக்கைக்கு அந்தத் தொகை எனக்குச் சற்றும் ஒப்பவில்லை, நல்லவேளையாக அவளுக்கும்தான். மாதுங்காத் தையற்காரரிடம் 900 ரூபாயில் முடிந்தது.

மாப்பிள்ளையின் தாயார் தம் பங்காக ஒரு பைத்தணிச் சேலை தந்தார். நாசிக் மாவட்டத்து யேவலாவில் நெய்தது, முந்தானையில் மயில்கள், திருப்பிப் பார்த்தாலும் மயில்கள் அதே அழகோடு இருக்கும். மதிய உணவின்போது அவள் அதையே கட்டிக்கொண்டதால் இரண்டாவது சேலைக்குச் செலவில்லாமற்போயிற்று. இத்தகைய அன்பளிப்புகளை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வகுக்கப்பட்ட விதிகள், மணமக்களுக்கு வரும் பரிசுகளின் பட்டியலைத் தயாரித்துக் கையொப்பமிட்டு வைக்கச் சொல்கின்றன. திருமணத்தையொட்டி மணமக்கள் பெறும் பரிசுகளுக்கு வருமான வரி இல்லை. பெற்றோர் பெயரில் வரும் மொய்ப்பணத்திற்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்க.

தங்கத்திற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்கா ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்திருந்தார். புதிதாக வாங்குவோர் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்து, 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அக்காவின் பழைய பட்டு என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றும். இழையோட்டிக் கிழிசல் அடைக்கும் ரஃபூ வேலைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தாள் மகள். 1,800 ரூபாய், மூன்று வாரம். அருகில் வந்து பார்த்தால் தெரியும், பந்தியில் தெரியாது. மகளின் முகூர்த்தத்தில் அக்கா அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தார். அத்தான் முதலில் கவனிக்கவில்லை. கவனித்தபின் சிறிது நேரம் கூடத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

தங்கமும் அந்த ரஃபூ கூலியும் நீங்கலாக மொத்தச் செலவு 3,68,400 ரூபாய். கூடமும் சாப்பாடும் 1,62,000, உறவினர் பயணமும் தங்கலும் 58,000, புகைப்படத்திற்கு 40,000, மற்றவை துணி, பூ, சடங்கு. வைப்பு முதிர மூன்று மாதங்கள் இருந்தன. இடையில் முறித்தால் பல வங்கிகளில் வட்டி குறையும். ஆகவே அதன் பிணையிலேயே 3,40,000 ரூபாய் கடன் பெற்றுக்கொடுத்தேன். வைப்பு வட்டியைவிட ஒரு சதவீதமே கூடுதல்; மூன்று மாத வட்டி 8,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. வைப்பு முதிர்ந்ததும் கடனைக் கழித்துக்கொண்டு, மீதியில் 5 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அத்தான் போட்டார். இப்போதைய 8.2 சதவீத விகிதத்தில் காலாண்டுக்கு 10,250 ரூபாய் அவர் கணக்கில் வருகிறது.

திருமணத்தைப் பதிவு செய்வதிலும் இளந்தம்பதி காலம் தாழ்த்தவில்லை. எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும்படி 2006-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டிருக்கிறது. சடங்கின்றிப் பதிவு மணமே செய்ய விரும்புவோர், 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மூன்று சாட்சிகள் தேவை. கூட்டுக்கணக்கு, பெயர் மாற்றம், கடவுச்சீட்டு என எதற்குப் போனாலும் அந்தச் சான்றிதழ் உதவும்.

அழைக்கப்படாதவர்களில் பலர் பின்னர் வீடு தேடி வந்து வாழ்த்தினர். இருவர் வரவில்லை. ஒருவரை அத்தான் இனிப்போடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மற்றவர் அவருடைய சிற்றப்பா மகன். இன்றுவரை தொலைபேசியை எடுப்பதில்லை. வரும் தீபாவளிக்கு மகளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு நேரில் போகப்போவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். கத்திரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.