கையில் இல்லாத சீட்டு

கணக்குக் கிளையில் கழிந்த என் உத்தியோக வாழ்வில் நான் பெரிதும் போற்றிய சொல் 'மூலப் பிரதி' என்பதே. அரசாங்க அலுவலாக வெளிநாடு சென்று மீள்பவர் தம் செலவைக் கோரும்போது, பின்புறம் செந்நிறக் கார்பன் பூசிய விமானச் சீட்டிலிருந்து பயணியின் பிரதியை இணைத்தல் வேண்டும். இணைத்தால் பணம்; இல்லையேல் ஆட்சேபம்.

2008ஆம் ஆண்டில் அச்சொல் பொருளிழந்தது. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம், அவ்வாண்டு ஜூன் 1ஆம் திகதி முதல், பிரயாண முகவர்களுக்குக் கடதாசிச் சீட்டு வழங்குவதை நிறுத்திவிட்டது.

அதன்பின் ஒரு நாள் இளம் உத்தியோகத்தர் ஒருவர் வெள்ளைத் தாளொன்றை நீட்டினார்.

"இதுதான் ஐயா, சீட்டு."

"இது அச்சடித்த தாள். சீட்டு எங்கே, தம்பி?"

மும்முறை திருப்பி அனுப்பினேன். அவசரப் பயணமாதலால், மனைவியின் காப்புகளை அடகுவைத்து அவர் அச்சீட்டை வாங்கியிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

உண்மையான சீட்டு விமான நிறுவனத்தின் கணினிப் பதிவேட்டில் இருந்தது. தாளிலிருந்த 13 இலக்கங்களே அதன் திறவுகோல். முதல் மூன்றும் நிறுவனத்தைக் குறிப்பன. பயணத்தின் எப்பகுதி பாவிக்கப்பட்டது, எது பாவிக்கப்படவில்லை என்பதையும் அப்பதிவேடே கூறும்.

அப்படியாயின் கணக்காளனின் ஐயம் வீணானதா? அன்று. அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையொன்றைப் பாருங்கள். அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் வாங்கிப் பாவியாமலும், பணத்தை மீளப் பெறாமலும் விட்ட சீட்டுகள் ஏறக்குறைய 58,000. அவற்றில் முடங்கிய தொகை 2 கோடி 10 இலட்சம் டொலருக்கும் மேல். கேட்டிருந்தால் திரும்பியிருக்கும் பணம் அது! பயணம் செய்யாதவர் தாமே வந்து சொல்வாரென நம்பியிருந்தமையே பிழை. கடதாசிச் சீட்டாயின் மேசை அறையிற் கிடந்தேனும் நினைவூட்டும். கணினிச் சீட்டை எவரேனும் தேடிப் பார்த்தாலன்றி அது மறதியில் மறைந்துவிடும்.

ஆகவே விதி கேட்கவேண்டியது தாளையன்று. "இவர் பறந்தாரா?" என்று பதிவேட்டைக் கேட்கவேண்டும். பறந்திருந்தால் தாமதமின்றிப் பணம் கொடுக்கவேண்டும். பறக்காவிடின் அரசாங்கப் பணத்தை மீட்கவேண்டும். இவ்விரண்டையும் செய்யாத விதி, நேர்மையாளனை வருத்திக் கவனமற்றவனைத் தப்பவிடும்.

அந்தத் தம்பிக்குப் பணம் கிடைக்க ஐந்து மாதங்கள் சென்றன. அடகுக் கடையின் வட்டியை அவரே செலுத்தினார். அதைக் கோருவதற்கு எங்கள் கந்தோரில் படிவம் எதுவும் இருக்கவில்லை.